பிடுங்கிப் போட்ட நாற்று

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மூட்டை தூக்கியே திருநின்றவூரில் இரண்டு ஏக்கர் வாங்கினேன். என்னைப்போல் பயிர் வைக்க அந்தப் பக்கம் ஆளில்லை. அப்பேர்ப்பட்ட நானே எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை ஏமாந்தேன்.

வழக்கம்போல மொத்த நாற்றையும் முந்தின நாளே பிடுங்க வைத்துவிட்டேன். காலையில் நடவுக்கு வந்ததோ நாலைந்து கிழவிகள்தான்.

"இன்னா முனியம்மா, மத்தவங்க எங்க?"

"வயசுப் பொண்ணுங்க அல்லாம் அம்பத்தூர் கம்பெனிக்கு ரயிலேறிட்ச்சு நைனா. எங்களத்தான் அங்க சேக்க மாட்றான்."

மதியம்வரை அரை ஏக்கர்கூட முடியவில்லை. நாற்றுக் கட்டுகள் வெயிலில் வாடின. எனக்கு வரப்பில் கால் தரிக்கவில்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டே நடந்தேன்.

முனியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கத்துனா எங்க இடுப்பு எளசாயிடுமா? நீயும் கெழவன்தான, எறங்கி நடு!"

ரோஷத்தில் இறங்கினேன். நடவு பெண்கள் வேலை என்று அதுவரை குனியாதவன். கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றி, சேற்றில் குப்புற விழுந்தேன். மூச்சு அடைத்துவிட்டது. அந்தக் கிழவிகள்தான் இழுத்து வரப்பில் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு ஏக்கர்தான் நட முடிந்தது; மீதி நாற்று காய்ந்தது. இன்னொரு ஏக்கர் அந்தப் பட்டம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது.

அடுத்த பட்டத்திலிருந்து விதையையே கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தள்ளித்தான் விட்டேன். நடவுக்கு முந்தின நாள் முனியம்மா வீட்டுக்கே போய், "முட்டி வலி எப்படி கீது?" என்று கேட்ட பிறகுதான் நாற்றங்காலில் கை வைத்தேன்.