மருந்து வாங்கியவர் நேரில் வரவேண்டும்

மச்சான் இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், அவர் மனைவியும் என் அக்காவுமான ராத்தா என் கையில் ஒரு சொப்பிங் பேக்கைத் தந்தார். உள்ளே அட்டை அட்டையாக மோர்பின் குளிசைகள். புற்றுநோய் வலிக்கென்று மச்சானுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. எங்கள் சாய்ந்தமருதில் மௌத்தானவரின் மிச்ச மருந்தை வீசமாட்டார்கள். அதே நோய்க்காரர் யாருக்காவது சதக்காவாக, தருமமாகக் கொடுத்தால் நன்மை கபுறில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். ராத்தா, கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார், வாசலைத் தாண்ட முடியாது. வேலை என் தலையில் விழுந்தது.

முந்திய வெள்ளிதான், பள்ளிவாசல் செயலாளர் என்ற பவுசில், போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையை ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் வாசித்திருந்தேன். ஹெரோயினுக்குப் பக்கத்திலேயே மோர்பின். அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்ன பெரிய மனிதனும் நான்தான்.

கல்முனையில் பாமசி வைத்திருப்பவர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவர். பேக்குக்குள் எட்டிப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருப்பி எடுக்கலாம், ஆனால் யார் பெயரில் கொடுத்ததோ அவரே நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்றார் மருந்துப் பகுதி உத்தியோகத்தர்.

"அவர் மையவாடியில, கபுறுக்குள்ள இரிக்கார்" என்றேன்.

"அப்ப, அவர் ஒப்பம் வெச்ச கடிதமொண்டு கொண்டு வாங்க, சேர்." மனிதர் சிரிக்கவேயில்லை.

பொலிஸில் அதைவிட அழகு. குளிசையைப் பொறுப்பெடுக்கலாமாம், ஆனால் கூடவே கொண்டுவந்த ஆளையும் பொறுப்பெடுக்க வேண்டுமாம். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பேக் என் மோட்டார் சைக்கிளில், கீரைக்கட்டுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பீடை பிடித்த முசீபத்துகள், மூன்றாவது வாளிக்குத்தான் போயின. ராத்தாவிடம், ஒலுவில் ஊரில் ஒரு நோயாளிக்குக் கொடுத்தேன், அவர் நல்லா நித்திரை கொண்டாராம் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ராத்தா முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். "உங்கட மச்சான் பாதியத்தான் குடிச்ச, தம்பி. வலி தாங்கேலாமத் தலகணியக் கடிச்சிக்கிட்டுக் கிடப்பார். குடிங்க என்டா, பின்னால வாறவனுக்கும் இரிக்கட்டும் என்பார்."

எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து ராத்தா தினமும் போனில் ஒலுவில்காரரை விசாரித்தார். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்கு துஆ. நானும் அவரைச் சாகவிடாமல் வைத்திருந்தேன். இன்றைக்குக் கஞ்சி குடித்தார், இன்றைக்கு எழும்பி உட்கார்ந்தார் என்று மூன்று மாதம் தள்ளினேன்.

இத்தா முடிந்த மறுநாள் காலை ராத்தா வட்டிலப்பம் அவித்து, ஓட்டோவும் பிடித்து, என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏறு தம்பி, அந்த மனிசன ஒருக்காப் பார்த்திட்டு வருவம்."

ஏறினேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, ஒலுவிலில் எந்த வீதி என்று கேட்டார்.