பிராந்தியும் தூக்க மாத்திரையும்

இரண்டாம் உலகப் போர்க்காலம் அது. பெங்களூர் கண்டோன்மெண்டில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தேன். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பேச ஆளில்லாத பொழுதுகளை அது சீக்கிரம் முடித்துவைத்தது.

டிசம்பர் குளிரில் நெஞ்சுச்சளி பிடித்தது. வீட்டுக்காரம்மா, வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்லி ஒரு பாட்டில் பிராந்தி கொடுத்தாள். இதமாக இருந்ததால் இரண்டாவது டம்ளரும் குடித்தேன். பிறகு வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

காலையில் பால்காரம்மா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கதவை உடைத்து உள்ளே வந்தபோது என் உதடு நீலம் பாய்ந்து கிடந்ததாம். எனக்கு எதுவும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது தலைமையாசிரியை பக்கத்தில் இருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"ஒரு மாத்திரைதான் மேடம் போட்டுக்கிட்டேன்."

"சரி சரி, இப்ப எதுக்கு அது" என்று போர்வையை இழுத்துவிட்டார். அவர் நம்பவில்லை.

அவர் போன பிறகு டாக்டர் வந்தார். "கூட வேற என்ன சாப்ட்டீங்க?"

சொன்னேன்.

"அதான் விஷயம். ரெண்டுமே மூளையை அமுக்குற சரக்கு. தனித்தனியா தாங்குவீங்க. சேர்ந்தா மூச்சையே நிறுத்திடும்." மூச்சைத் திருப்ப எனக்கு ஊசியில் ஏற்றியது காக்காய்க்கொல்லி விதையிலிருந்து எடுத்த மருந்து என்றார். "மீனை மயக்க ஆத்துல போடுவாங்களே, அதே வெதைதான். கொஞ்சம் கூடினா வலிப்பு வரும். வேற வழி இல்ல."

மூன்றும் மூளையில் மருந்து போய் ஒட்டும் ஒரே ஏற்பியைத்தான் பிடிக்கின்றன என்பதைப் பல வருஷம் கழித்து, என்னிடம் படித்து டாக்டரான ஒரு பெண் விளக்கினாள். மாத்திரையும் பிராந்தியும் அதன் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து, ஒன்றின் வேலையை மற்றது பெருக்கிவிடுமாம். காக்காய்க்கொல்லி அதன் வாசலையே அடைத்து அந்த மயக்கத்தை முறித்துவிடுமாம். அன்று இதெல்லாம் டாக்டருக்கே தெரிந்திருக்காது.

"உங்க மேடம்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

யோசித்தேன். சாகப் பார்த்தவள் என்றால் பரிதாபப்படுவார்கள். பிராந்தி குடித்தவள் என்றால் வேலை போய்விடும்.

"வேணாம் டாக்டர். மாத்திரை ஒத்துக்கலைன்னு மட்டும் சொல்லுங்க."

அப்படியே சொன்னார். யாரும் நம்பவில்லை. நான் உள்ளே நுழைந்தால் டீச்சர்கள் அறையில் பேச்சு நின்றது. கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளைக் கடிந்துகொண்டால்கூட அவர்கள் முகம் வாடவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா, "பாட்டில் நான் குடுத்ததுன்னு வாய தொறந்துடாதேம்மா" என்று கேட்டுக்கொண்டதோடு சரி, பிறகு என் பக்கமே வரவில்லை.

மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். தூக்கம் மெல்லத் திரும்பியது.

தினமும் சாயங்காலம் என்னை வீடுவரை கொண்டுவிடும்படி தையல் டீச்சரிடம் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நல்ல பெண். சேலை விலை, ரேஷன் அரிசி, வெயில் என்று ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். அதை மட்டும் அவள் கேட்டதேயில்லை. இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணமாகி மைசூருக்குப் போனாள். அதன் பிறகு தனியாகத்தான் நடந்தேன்.