பின்சில்லுச் சங்கிலி

என் மாமாவுக்குப் பெண் பார்த்தது ஒரு காருக்குள். வேறு இடம் கிடைக்கவில்லை. பெண்ணான அந்த அக்கா பலெர்மோவில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சின்யோராவின், அதாவது ஓர் இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். சின்யோராவின் வரவேற்பறையில் பலகாரத் தட்டோடு போய் உட்கார முடியாது. அவருக்குப் பொறுப்பாக இருந்த அவருடைய பெரியப்பா பிரான்காச்சோவில் வேறு ஆண்களோடு ஓர் அறையில் இருந்தார், அங்கே பெண்ணைக் கூப்பிடவே முடியாது. எங்கள் வீடு வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அம்மா, அப்பா, மாமா, நான் என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் படுத்தால் யாராவது ஒருவருக்குச் சுவர் இடிக்கும். தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் தூர நின்று பார்த்துக்கொண்டதெல்லாம் முடிந்திருந்தது. அடுத்தது இரண்டு பேரும் கதைக்கவேண்டும். அது எங்கே என்பதுதான் கேள்வி.

அந்த அக்கா பெரியப்பா மூலம் பதில் சொல்லி அனுப்பினார். பனி பார்க்கவேண்டுமாம். வெளிநாடு என்று வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது, ஊரில் எல்லோரும் பனி எப்படி என்று கேட்கிறார்கள், இங்கே பார்த்தால் மழையும் தோடம்பழமும்தான். பலெர்மோவில் விழாவிட்டாலும் மதோனியே மலையில் விழுகிறது என்று சின்யோரா சொன்னாராம். மாப்பிள்ளையிடம் கார் இருக்கிறதுதானே, அங்கே போகட்டும், வழியில் கதைக்கலாம்.

மாமாவிடம் கார் இருந்தது உண்மை. வெள்ளை நிறத்தில் ஒரு பழைய ஃபியட். அதை அவர் தினமும் துடைக்கிற துடைப்பில் இன்னும் பழசாகிக்கொண்டிருந்தது. ஓட்டத் தெரியும் என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஒரு ஏ ஃபோர்ட்டிக் காரை மண்ணெண்ணெயில் ஓடித் திரிந்தவர் அவர். பொய்யான இடம் ஒன்றுதான். தம்பியின் மதிப்பைக் கொஞ்சம் ஏற்றிவிடுவோம் என்று, அவர் ஜெர்மனியில் பனிக்குள் கார் ஓடியவர் என்று அம்மா பெரியப்பாவிடம் சொல்லியிருந்தார். ஜெர்மனியில் மாமா இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் நின்று கோப்பை கழுவினார். பனியை அவர் பார்த்தது ஆவி படிந்த குசினி யன்னலுக்கு வெளியேதான்.

இது எனக்குத் தெரியும். எட்டு வயது எனக்கு. அந்த வருடம் கோயிலில் முதல் நற்கருணை வாங்குவதற்காகச் சுவாமியார் நடத்திய முதல் நன்மை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், பாவங்களைப் பெரிது சிறிது என்று தரம் பிரித்துப் படித்த கையோடு கண்ணில் படுகிறவர்களையெல்லாம் அதற்குள் போட்டுப் பார்க்கிற வயசு. மாமா அதனால் புறப்படுவதற்கு முன் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேரம் பேசினார்.

"குஞ்சு, பனியில ஓடினதைப் பற்றி ஆரும் கேட்டால் நீ வாயைத் திறக்காதை. திரும்பி வரேக்கை முன் சீற்றிலை நீதான்."

முன் சீற் என்றால் அப்போது எனக்கு உலகமே அதுதான். இந்த வீட்டில் எனக்கு அது கிடைத்ததேயில்லை. ஒப்பந்தம் உடனே கைச்சாத்தானது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு புறப்பட்டோம். அப்பாவுக்கு வேலை. முன்னுக்கு மாமாவின் பக்கத்தில் பெரியப்பா. பெரிய உடம்பு, பெரிய குரல், சீற்றை முடிந்தவரை பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய முதுகுக்கு நேர் பின்னால் கால் மடக்கி அம்மா, நடுவில் நான், மற்ற யன்னலோரம் அந்த அக்கா. அவரின் மடியில் பொரித்த பற்றீஸ் நிரப்பிய ஒரு பிஸ்கற் தகரப் பேணி. கதைப்பதற்காகத்தான் இந்தப் பயணமே. ஆனால் கதைத்தது முழுக்கப் பெரியப்பா. மாமா "ஓம் ஐயா", "ஓமோம் ஐயா" என்று கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்துப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். அந்த அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. யன்னலுக்கு வெளியே பார்ப்பதும் எனக்குப் பற்றீஸ் தருவதுமாக இருந்தார். ஊமையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மலை அடிவாரம் தாண்டியதும் எதிரே இறங்கி வந்த கார்களைப் பார்த்து நான் பின்சீற்றில் எழும்பி நின்றுவிட்டேன். ஒவ்வொன்றின் முன்மூடியிலும் ஒரு பனிப் பொம்மை உட்கார்ந்திருந்தது. பலெர்மோக்காரர்களுக்கு அது ஒரு வழக்கம். மேலே போய்ப் பொம்மை செய்து, அதற்குத் தொப்பி போட்டு, காரின் மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்து கீழே ஊருக்குக் காட்டவேண்டும். பாதி வழியில் தலை விழுந்துவிடும், யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பனியில் வழுக்காமல் இருக்க ரயரைச் சுற்றிச் சில்லுக்குச் சங்கிலி போடச் சொல்லி ஒரு பலகை வந்தது. மாமா அதற்கும் ஆயத்தம். அம்மா வேலை செய்த கட்டடத்தின் வாசற்காரரிடம் ஒரு சோடி இரவல் வாங்கி வைத்திருந்தார். போடுகிற விதத்தை அந்த மனிதர் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தியபோது மாமா நன்றாகத் தலையாட்டினார், கேட்டது ஒன்றுமில்லை. இப்போது றோட்டோரம் குந்தியிருந்து, எல்லோரும் பார்க்க, இரண்டு சங்கிலியையும் பின்சில்லுகளில் மாட்டினார். ஏன் பின்சில்லு என்று பெரியப்பா கேட்டார். காரைத் தள்ளுகிற சில்லுக்குத்தான் பிடிமானம் வேண்டும், அது பின்சில்லு என்று மாமா பாடம் எடுத்தார். ஏ ஃபோர்ட்டியில் அது நூறு வீதம் சரி. அந்தச் சின்ன ஃபியட் முன்சில்லால் இழுக்கிற கார் என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவை பலெர்மோவின் காய்ந்த றோட்டுகளில் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

"ஜெர்மனியிலையும் இப்பிடித்தானோ?" என்று பெரியப்பா கேட்டார்.

"இப்பிடித்தான் ஐயா."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முன் சீற்றுக்காக.

அது நடந்தது வெயில் படாத ஒரு வளைவில். றோட்டில் பனி இருந்ததாகக்கூடத் தெரியவில்லை. மழை பெய்து ஓய்ந்த றோட்டுப் போல கறுப்பாக மினுங்கியது, அவ்வளவுதான். மாமா ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் திரும்பவில்லை. இன்னும் திருப்பினார். கார் தன் பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினார், அதுவும் பயனில்லை. வேகமாகப் போயிருந்தால் பயப்பட நேரம் இருந்திருக்காது. நாங்கள் போனது சவ ஊர்வலம் போகிற வேகத்தில், சத்தமே இல்லாமல். எதிரே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மதில், அதற்கு அங்கால் ஆகாயம். அம்மா "யேசுவே" என்று என் தலையைத் தன் வயிற்றோடு அமத்தினார். மதிலடியில் ஒதுக்கி விட்டிருந்த பனிக் குவியலுக்குள் காரின் மூக்கு மெதுவாகப் புதைந்து நின்றது. கசற்றில் பாட்டு மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருந்தது.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு கார் நின்றது. அதன் மூக்கிலும் ஒரு பொம்மை. அதிலிருந்து மீசைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். எங்கள் பின்சில்லைப் பார்த்தார், முன்சில்லைப் பார்த்தார், ஐந்து விரலையும் குவித்து யன்னல் வழியாக மாமாவின் முகத்துக்கு முன்னால் ஆட்டியபடி பொரிந்து தள்ளினார். சிசிலிக்காரருடைய இத்தாலியன், எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. இந்தக் கார் முன்னால் இழுக்கிற கார், சங்கிலியைப் பின்னால் போட்ட மேதாவி யார், சப்பாத்தைக் கையில் போட்டுக்கொண்டு நடப்பாயா, உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறதே, மேலே றோட்டு இதைவிட மோசம், திரும்பிப் போ.

பெரியப்பாவுக்கு இத்தாலியன் என்றால் காலை வணக்கமும் நாளைக்கு என்பதும் மட்டும்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னவாம் பிள்ளை?"

கண்ணாடியில் மாமாவின் கண்கள் தெரிந்தன. சிறிய பாவமா பெரிய பாவமா என்று யோசிக்க நேரமில்லை. முன் சீற் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"மாமா நல்லா ஓடுறாராம்" என்றேன்.

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அந்த அக்கா முகத்தை யன்னல் பக்கம் திருப்பியிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சின்யோரா வீட்டில் நாள் முழுக்க இத்தாலியன் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவர் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மாமா கசற்றை நிறுத்தினார்.

"இல்லை ஐயா. பிள்ளை எனக்காகப் பொய் சொல்லுது. நான் சங்கிலியைப் பிழையாப் போட்டிட்டன் எண்டுதான் அந்தாள் பேசுறார். ஜெர்மனியில நான் கோப்பைதான் கழுவினனான். பனியில ஒரு நாளும் ஓடினதில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. இதுக்கு மேலை என்னாலை ஏலாது, திரும்புவம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசத் தொடங்கினார். மண்ணெண்ணெயில் ஓடின வீரர் ஐஸ்கட்டிக்குப் பயந்துவிட்டார் என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பனி பார்க்காமல் போவதா என்றார்.

"ஒண்டும் நடவாது, நீர் மெல்ல எடும். நான் சொல்லுறன்."

அப்போதுதான் அந்த அக்கா அந்த நாளின் முதல் வார்த்தையைச் சொன்னார்.

"பெரியப்பா, பனி இஞ்சையும் கிடக்குது."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். றோட்டோரத்தில் கிடந்தது மண்ணும் எண்ணெய்ப் புகையும் கலந்த பழுப்புப் பனி. மேலே இருந்ததைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு, உள்ளே வெள்ளையாக இருந்ததை அள்ளினார். என்னையும் கூப்பிட்டார். மிச்சப் பற்றீசை ஒரு துவாயில் கொட்டிவிட்டுப் பேணி நிறையப் பனியை அமத்தி மூடினார். மீசைக்காரரும் மாமாவும் றோட்டில் குந்தியிருந்து சங்கிலிகளைக் கழற்றி முன்சில்லுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் ஞாயிற்றுக்கிழமைக் காற்சட்டை முழங்கால்வரை நனைந்துவிட்டது. அந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படி நின்றபோது என்ன நினைத்தார் என்று, மாமியாகிவிட்ட அவரிடம் நான் கேட்டது வளர்ந்த பிறகு. மாமி மரக்கறி வெட்டிக்கொண்டு, நிமிராமலே சொன்னார். சண்டைக்குள் ஊரைவிட்டு வரும்போது கடலேரியை இருட்டில் தோணியில் கடந்தார்களாம். பாதியில் தோணி ஓட்டி, இண்டைக்கு என்னாலை ஏலாது, திரும்புவம் என்றானாம். தோணியில் இருந்த அவ்வளவு பேரும் அவனைத் திட்டினார்களாம். அவன் கேளாமல் திருப்பிவிட்டானாம். முன்னால் போன தோணி கரை சேரவில்லை. "நானும்தான் அவனைத் திட்டினனான்" என்றார், பிறகு கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார்.

திரும்பும் நேரம் வந்தது. நான் ஓடிப்போய் முன்கதவடியில் நின்றேன். பொய் சொன்னது நான், ஒப்பந்தத்தை நிறைவேற்றியது நான். ஆனால் கதவைத் திறந்தது அந்த அக்காவின் கை.

"பெரியப்பா, நீங்கள் பின்னாலை இருங்கோ. முன்னுக்கு இருந்தால்தான் எனக்குத் தலை சுத்தாது."

வரும்போது அவருக்குத் தலை சுற்றவேயில்லை. மூன்று பற்றீஸ் சாப்பிட்டவர். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தொடையைக் கிள்ளினார். பெரியப்பா தன் பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். நான் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் சப்பளிந்து போனேன்.

அந்த இறக்கத்தில் எங்களை நடந்து போகிறவர்கள் முந்தியிருப்பார்கள், யாரும் நடந்து போகாததால் தப்பினோம். ஒவ்வொரு வளைவுக்கும் மாமா வாய்விட்டுச் சொன்னார்.

"இதிலை வழுக்கும்போலை கிடக்கு."

"ஓம்."

"மெல்லப் போறன்."

"ஓம்."

அவ்வளவுதான். கதைக்கவென்று ஒழுங்கு செய்த பயணத்தில் அவர்கள் கதைத்தது இதுதான், மலை முடியும்வரை இதையே திரும்பத் திரும்பக் கதைத்தார்கள். எனக்கு விசர் பிடித்தது.

பெரியப்பாவின் பல் கிடுகிடுக்கத் தொடங்கியதும் மாமா ஹீட்டர் பொத்தானுக்குக் கையைக் கொண்டு போனார். அந்த அக்கா மடியில் இருந்த பேணியைப் பார்த்துவிட்டு, "கரைஞ்சு போயிடும்" என்றார். மாமா கையை எடுத்துவிட்டார். பலெர்மோ வரும்வரை ஹீட்டர் இல்லை. என் கால்விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. அம்மாவின் மூக்கு சிவந்து தண்ணீர் ஓடியது. ஆனால் அவர் ஏதோ தைலம் பூசி வெயிலில் குந்தியிருப்பவர் போல ஒரு சிரிப்போடு சாய்ந்திருந்தார். பெரியப்பாகூட இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். பெரிய ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

பொலிதேயாமாவில் நல்ல வெயில். அந்த அக்கா பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். உள்ளே பாதி தண்ணீர், நடக்கும்போது சத்தம் கேட்டது.

வேலையால் வந்த அப்பாவிடம் அன்று பின்னேரம் நான்தான் அறிக்கை கொடுத்தேன். மாமா சங்கிலியைப் பிழையாகப் போட்டார். கார் வழுக்கியது. பொய் பிடிபட்டது. ஒருவர் றோட்டில் வைத்துப் பேசினார். பெரியப்பா நக்கலடித்தார். மேலே போகவேயில்லை, ஊத்தைப் பனிதான் பார்த்தோம். ஹீட்டரும் போடவில்லை. என் இடத்தைப் பறித்துக்கொண்ட அந்த அக்கா இனி எங்கள் காரில் ஏறவே மாட்டா. இதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், கடைசி வசனத்தைத் தவிர.

அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு என் தலைக்கு மேலால் அம்மாவைப் பார்த்து, "அப்ப நாளைக்கே கோயிலுக்குப் போய்ச் சுவாமியோடை கதைச்சு ஒரு நாள் குறிக்கவேணும்" என்றார். அம்மா தலையாட்டினார். மாமா நனைந்த காற்சட்டையோடு மூலையில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஜெர்மனிப் பொய் சுவாமிவரைக்கும் போகப்போகிறது. அதற்குப் பின்னால் என்னுடையதும் வரும். அன்றிரவு படுக்கையில் முழந்தாளிட்டு, மாமாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே, எனக்காக ஒன்று, இரண்டு செபம் சொன்னேன். சுவாமி மாமாவுக்குக் கொடுக்கப்போகிற தண்டனை சின்னதாக இருக்கவேண்டும், கெதியில் முடிந்துவிடவேண்டும் என்று மாதாவிடம் கெஞ்சிக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.