அத்தை கம்பி மாட்டிய கிட்டார்

காக்ஸ் டவுனில் எங்களுக்கு இருந்தவை இரண்டே அறைகள். அதில் பாதி அறையை ஒரு கிட்டார் பிடித்துக்கொண்டது என்று அம்மா சலித்துக்கொள்வாள். பெட்டி கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. இருந்தாலும் அம்மாவின் கணக்கு அப்படி. கிட்டார் அத்தையுடையது. அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவள். கோலார் தங்க வயலை விட்டு வந்தபோது வீட்டில் பீரோவைக்கூட விற்றார்களாம். அத்தை மட்டும் இந்தப் பெட்டியை ரயிலில் மடியை விட்டு இறக்கவில்லையாம்.

ஞாயிறு சர்ச் விட்டு வந்ததும் அதைத் திறப்பாள். தேன் நிறம், வயலினில் இருப்பதுபோல் வளைந்த இரண்டு துளைகள். கரண்டில் வாசிக்கிற கிட்டார்தான். ஆனால் உள்ளே கூடு என்பதால் கரண்ட் இல்லாமலும் மெல்ல ஒலிக்கும். அப்பாவைவிட வயதானது, ஒரு கீறல் கிடையாது. பழைய வாயில் புடவைத் துண்டால் அதைத் துடைப்பாள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் புதுக் கம்பி மாட்டி, சின்னக் குழலொன்றை ஊதி ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்ப்பாள். அத்தோடு பெட்டி மூடப்படும். ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. வாசி என்று கெஞ்சினால், தனக்கு வாசிக்கத் தெரியாது என்பாள். ஊர்க் கிளப்பில் வாசித்த ஒருவர் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஆஸ்திரேலியா போயிருக்கிறார், வந்து வாசிப்பார் என்பாள். அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரு டிசம்பரில், கேரல் பாடுவதற்கு இரவல் கேட்டு சர்ச் பாடற்குழுவின் அண்ணன் ஒருவர் வந்தார். ஆண்டவர் காரியம், அத்தையால் மறுக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் அவர் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அவர் கிட்டாரை மடியில் வைத்தார், கம்பியைத் தொட்டார், சிரித்துவிட்டார்.

“யாரு ஆன்ட்டி கம்பி மாட்டினது? எல்லாம் தலைகீழா இருக்கு. ஸ்வல்ப நேரம் குடுங்க, கழட்டி மாத்திடறேன்.”

“வேணாம் தம்பி. அது அப்படியே இருக்கட்டும்.”

தடித்த கம்பி மேலே வர வேண்டும், மெல்லியது கீழே என்று அவர் பொறுமையாக விளக்கினார். அத்தை தலையாட்டிக்கொண்டே கிட்டாரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அவர் டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வெட்கம். ஆபீசில் பெரிய பெரிய கணக்கெல்லாம் பார்க்கிற அத்தைக்கு ஒரு கம்பியை நேராக மாட்டத் தெரியவில்லையே.

என் அழுகையைப் பார்த்தோ என்னவோ, அத்தை மறுபடி பெட்டியைத் திறந்து கிட்டாரை என் மடியில் வைத்தாள். அது என்னைவிடப் பெரிதாக இருந்தது. பென்சிலோ கரண்டியோ, எனக்கு எல்லாம் இடது கைதான். அதற்காக அம்மாவிடம் வாங்காத திட்டில்லை. கிட்டாரையும் எனக்கு வசதியாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். அதன் கழுத்து வலப்பக்கம் போயிற்று, இடது கை கம்பிக்கு வந்தது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “பொம்பளப் புள்ள, எத்தன வாட்டி சொல்றது? கைய மாத்து.”

“விடும்மா, அப்படியே இருக்கட்டும்,” என்றாள் அத்தை.

கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுத்தேன். மேலே தடித்த கம்பி, கீழே மெல்லியது, அந்த அண்ணன் சொன்ன மாதிரியே. ஆறும் சேர்ந்து ஒலித்தன. அத்தை எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டு, தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னாள். குனிந்தேன். இன்னொரு தரம் என்றாள். வாசித்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கிட்டார் இப்போது ஹெப்பகோடியில் என் வீட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியா போனவர் வரவேயில்லை. அவரும் இடதுகைக்காரர் என்று அப்பா சொன்னது, அத்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைக்கும்போதெல்லாம், எதிர்ச் சுவரோரம் அத்தை வந்து நிற்கமாட்டாளா என்று மனது அடித்துக்கொள்கிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அபாரமாக வாசிக்கிறேன் என்பதுதான். இல்லாவிட்டால் அத்தை ஏன் அழ வேண்டும்? மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.