அன்பியக் கூட்டத்தில் பேசிய ஸ்பீக்கர்கள்

என் மனைவியின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். பல வருடங்களுக்கு முன்னால் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் காசிமேட்டு வீட்டுக்கு மூன்று ஸ்பீக்கர்கள் கொண்டுவந்து கொடுத்தார். கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, மாடி அறையில் ஒன்று. கைபேசியில் ஒரு பாட்டைத் தட்டினால் மூன்றும் ஒரே நேரத்தில் பாடும். வயர் கிடையாது, வீட்டு வைஃபை போதும். நானே கண்டுபிடித்தவன் மாதிரி, வருகிறவர்களையெல்லாம் மாடிக்கும் அடுப்படிக்கும் நடக்கவைத்துக் காட்டுவேன்.

போன வருடம் என் பழைய கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. புதியது வாங்கி, ஸ்பீக்கர்களுக்கான ஆப்பை இறக்கினேன். அது கொஞ்ச நேரம் வீடு முழுக்கத் தேடிவிட்டு, உங்கள் ஸ்பீக்கர்கள் மிகவும் பழையவை, இனி இவற்றோடு வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. கைபேசியைக் கூடத்து ஸ்பீக்கரின் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி இரண்டும் எதிரெதிரே சும்மா இருந்தன.

"நல்லாத்தானே இருக்கு? இதை எப்படித் தூக்கிப் போடறது?" என்றேன் மனைவியிடம்.

"தூக்கிப் போட வேணாம். துடைச்சு வைங்க, மேல பூச்சாடி வெச்சுக்கலாம்" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் அந்த மூன்று டப்பாக்களோடு மல்லுக்கட்டினேன். அணைத்துப் போட்டேன், ஆப்பை அழித்து மறுபடி போட்டேன், வைஃபை பெட்டியை ஜன்னலில் வைத்தேன், அலமாரி மேல் வைத்தேன். கம்பெனிக்கு எழுதினேன். புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கடைசியில், திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர்தான் வழி சொன்னார். கூடத்து ஸ்பீக்கரின் முதுகில் வயர் குத்த ஒரு துளை இருக்கும். தீப்பெட்டி அளவு புளூடூத் பெட்டி ஒன்றை வாங்கி அதில் மாட்ட வேண்டும். கைபேசி பெட்டிக்கு அனுப்பும், பெட்டி கூடத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், அது மற்ற இரண்டுக்கும் பரிமாறிவிடும்.

வண்ணாரப்பேட்டையில் பெட்டி கிடைத்தது. மாட்டினேன். மூன்று அறையிலும் பாட்டு! ஒரே ஒரு குறை, அந்தப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு கிடையாது. ஒருமுறை சேர்த்துக்கொண்ட கைபேசி பக்கத்தில் வந்தாலே, வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால், அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

பெருமை அடித்துக்கொள்ள எனக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற விசைப்படகுத் தொழிலாளியைக் கூப்பிட்டு, அவர் கைபேசியைச் சேர்த்துக்கொடுத்தேன்.

"செம்மயா கீது மாமு!" என்று இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுப் போனார். நான் அதை மறந்தே போனேன்.

அந்த மாத அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருவிலிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது வழக்கம். கூடம் நிறைய ஆள். அடுப்படி வாசலிலும் மாடிப்படியிலும்கூட உட்கார்ந்திருந்தார்கள். தொடக்கப் பாட்டை மூன்று ஸ்பீக்கரிலும் ஓடவிட்டேன். ஃபாதரே திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நடுவில் அழைப்பு ஏதும் வந்து அலறிவிடக் கூடாதே என்று, பாட்டு முடிந்ததும் என் கைபேசியில் புளூடூத்தை அணைத்தேன். பெட்டி காலியானது.

"அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி அமைதியா இருப்போம். ஆண்டவர் நம்மகிட்ட என்ன பேசறார்னு கேட்போம்" என்றார் ஃபாதர்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது மூன்று திசையிலிருந்தும் ஒரு பெண் குரல் வந்தது.

"யோவ், காதுல வுழுதா இல்லியா? எத்தினி வாட்டி சொல்றது?"

யாரோ "சேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஃபாதர் கண்ணைத் திறக்கவில்லை, புருவம் மட்டும் ஏறியது.

எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கிறவர், இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்காரருக்குச் சொல்வதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அந்த மனிதர் அப்போதுதான் வீட்டுக்கு வந்து, காலியாக இருந்த பெட்டியில் தன் கைபேசி ஒட்டிக்கொண்டது தெரியாமல் அந்தச் செய்திகளைத் தட்டியிருக்கிறார். நான் என் கைபேசியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். பேசுவது என் கைபேசியாக இருந்தால்தானே நிற்கும்? அடுத்த செய்தி தானாகத் தொடங்கியது.

"கேஸு சிலிண்டர் வருது. வூட்ட பூட்டிகினு எங்கியும் போய்டாத. பக்கத்து வூட்ல போய் பாட்டு கேட்டுகினு குந்தாத. அந்த அண்ணனுக்கு டப்பாவ கட்டிகினு அழறதே பொயப்பா கீது. அந்த அக்கா பாவம், எப்டித்தான் பொறுத்துகினு கீதோ!"

பாய்ந்துபோய்க் கூடத்து பிளக்கைப் பிடுங்கினேன். கூடம் அடங்கியது. ஆனால் மற்ற இரண்டு ஸ்பீக்கர்களும் எப்போதும் இரண்டு நொடிப் பேச்சைக் கையிருப்பில் வைத்திருக்கும். "பொறுத்துகினு கீதோ" என்பதை அடுப்படியும் மாடியும் பொறுமையாக முடித்துவைத்தன.

பின்வரிசையிலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். அது தானில்லை என்று என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள்.

முதலில் சிரித்தது ஃபாதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். கூட்டம் முடிந்து வெளியே போனபோது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கைபேசியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"போனு பேஜாரு பண்ணுது ஃபாதர். அமுத்தி அமுத்திப் பாக்குறேன், சத்தமே வர்ல."

"சிலிண்டர் வருதாம். வீட்டைப் பூட்டிட்டு எங்கயும் போயிடாதீங்க" என்றார் ஃபாதர்.

அவர் கைபேசியைத் தட்டுவதை நிறுத்தினார். "உங்களுக்கு எப்டி ஃபாதர் தெரியும்?"

"எங்க எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஃபாதர் நடந்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி ஒரு பை இறாலோடு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பெருந்தன்மையான முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா, என் குரலு மாடியிலயும் கேட்டுச்சாமே?"

"கேட்டுச்சு."

"நல்லா கேட்டுச்சா?" என்று மகிழ்ந்துபோய்க் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னா, தப்பா பேசிட்டனா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல."

மறுநாள் புளூடூத் பெட்டியைக் கழற்றிவிட்டு, என் கைபேசியிலிருந்து கூடத்து ஸ்பீக்கருக்கு நேராக ஒரு நீள வயர் இழுத்தேன். இப்போது பாட்டு ஓடுகிறபோது அழைப்பு வந்தால், கட்டிப்போட்ட ஆடு மாதிரி வயர் எட்டுகிற தூரத்தில் நின்றுதான் பேசுகிறேன். யாரும் தடுக்கி விழாமலிருக்க மனைவி அந்த வயரின் மேல் ஒரு கால்மிதியை விரித்திருக்கிறாள்.