பலகைக்குப் போன சாவி

எங்கள் வீட்டு பீரோவுக்குப் பார்க்க ஒரே மாதிரி இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வெளிக்கதவுக்கு, மற்றது உள்ளேயிருக்கும் லாக்கருக்கு. ஒன்பது வயதில் எனக்கு இது தெரியாது. ஒரு பீரோவுக்கு ஒரு சாவி போதும் என்று தீர்மானித்து, மற்றதை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் தங்கையான அத்தை ஓவிய ஆசிரியை. பேகம்பூர் தோல் கிடங்குகளில் பொறுக்கிய துண்டுகள், எங்கள் ஊர்ப் பூட்டுப் பட்டறைகளில் கழித்துப்போட்ட சாவிகள், உடைந்த வளையல்கள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் பரப்பிவைப்பார். இரண்டு வாரம் எதையும் ஒட்டமாட்டார். தினமும் காலையில் பலகையைச் சுற்றிவந்து, ஏதாவது ஒன்றை மட்டும் விரலளவு நகர்த்திவிட்டுப் பள்ளிக்குப் போவார். எல்லாம் அமைந்த பிறகே சிமெண்டைப் பசையாகக் குழைத்துப் பதிப்பார். காய்ந்துவிட்டால் எதுவும் அசையாது. அந்த முறை என் சாவி நட்டநடுவில் பதிந்து காய்ந்திருந்தது. மறுநாள் காலை பலகை மதுரைக்குப் போகவேண்டும். அதுதான் அத்தையின் முதல் கண்காட்சி.

அன்று மாலை, அக்காவின் சான்றிதழ்களை எடுக்க அம்மா லாக்கர் சாவியைத் தேடினார். விடிந்தால் அக்காவுக்கு நர்சிங் கல்லூரியில் நேர்முகம். வீட்டிலிருந்த சாமான்களெல்லாம் தரைக்கு வந்தன. பூட்டு வேலை செய்பவர் வந்து பார்த்தார்.

“நம்மூருப் பூட்டுண்ணே. சாவி இல்லாம தொறக்காது. அறுக்கணும், நாளைக்கு மத்தியானம் ஆயிரும்” என்றார் அப்பாவிடம், கொஞ்சம் பெருமையாகவே.

அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

“ஏண்டி, நீ ஏதும் எடுத்தியா?” என்றார் அம்மா.

“இல்லம்மா.”

சொன்னால் பலகை உடையும், சொல்லாவிட்டால் அக்காவின் படிப்பு போகும். அத்தையின் அறைக்குப் போய்ப் பலகையின் முன்னால் நின்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார், பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

“இதா?”

தலையாட்டினேன். அத்தை விரலால் சாவியை அசைத்துப் பார்த்தார்; அசையவில்லை. பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார்.

“விடு தாயி, நாளைக்கு அறுத்தே எடுத்துக்கிருவோம்.”

“நீ அறுத்து முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்கி வயசாயிரும். நகருண்ணே.”

ஐந்தாவது அடியில் சாவி, ஒட்டிய சிமெண்டோடு பெயர்ந்துவந்தது. நடுவில் ஒரு குழி. அதிலிருந்து விரிசல்கள் நான்கு ஓரங்களுக்கும் ஓடின. லாக்கர் திறந்தது.

விடிகாலையில் அதே நீளத்தில் ஒரு பழைய சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். அத்தை குழியின் மேல் குனிந்து, விரிசல்களின் வழியே விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, இத வச்சு ஒட்டிக்கிருங்க.”

“வேணாம். அது அப்டியே இருக்கட்டும். தொடாத.”

பலகையை ஒரு முறை சுற்றிவந்தார். எதையும் நகர்த்தவில்லை. குழியோடு போர்வையில் சுற்றி பஸ்ஸுக்குக் கொண்டுபோனார். குழியை மூடக்கூட விடாத அளவுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் புதிய பலகை ஒன்றைப் பதித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். கையில் சுத்தியல் இருந்தது.

“இங்க வா. இத எந்த எடத்துல ஒடைக்கலாம்னு பாத்துச் சொல்லு.”

குத்திக்காட்டுகிறார் என்றே அப்போது எண்ணினேன். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.