யானை தலை குனிந்த இடம்

நான் உருப்படியாகச் செய்த முதல் சாமானில் எழுபது பற்கள் இருந்தன. அவற்றில் அறுபத்தெட்டு நல்ல பற்கள். மீதி இரண்டைப் பற்றி இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லை. இப்போது திறப்பதற்குக் காரணம் நேர்மை அல்ல. அக்கா பந்தயத்தை மறந்திருப்பாள் என்ற தைரியம்தான்.

அப்பா நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். ஷிப்ட் முடிந்து மைசூருக்குத் திரும்பினால், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவருக்கென்று ஒரு பழைய லேத் காத்திருக்கும். லீவு நாளில் அவர் அதோடுதான் குடித்தனம் நடத்துகிறார் என்பது அம்மாவின் புகார். அந்த அம்மாவே ஒரு தசராவுக்குக் கொட்டகைப் பக்கம் வந்து ஒரு யோசனை சொன்னாள். எங்கள் கொலுவின் கீழ்ப் படிக்கு முன்னால், ஊரில் நடக்கும் தசரா ஊர்வலம் மாதிரியே, அட்டை அரண்மனையிலிருந்து அட்டை பன்னிமண்டபம் வரை ஊர்வலம் வைப்பது வழக்கம். அதில் அம்பாரி சுமக்கும் மர யானை, இந்த வருஷம் தானாக நடந்தால் என்ன?

அப்பா உடனே படம் போட்டார். தரையில் பல் வெட்டிய நீளப் பட்டை. அதற்கு ரேக் என்று பேர். யானைக்கு அடியில் சக்கரம், ஒரு குட்டி மோட்டார், மோட்டாரின் மூக்கில் சின்னக் கியர். கியர் சுற்றச் சுற்ற, பட்டையின் பற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு யானை போகும். கியரை அவர் ஒரே ராத்திரியில் வெட்டிவிட்டார். பட்டையை நான் வெட்டுகிறேன் என்றேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

"எழுபது பல்லாம்," என்றாள் என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா. "இவன் வாய்ல இருக்கறதையே ஒழுங்கா தேய்க்க மாட்டான்."

பந்தயம் அங்கேயே முடிவாயிற்று. விஜயதசமியன்று யானை பன்னிமண்டபம் போய்ச் சேராவிட்டால், ஒரு வருஷத்துக்கு லேத்துக்கு அடியில் விழும் பிசிறை நான் பெருக்க வேண்டும். சேர்ந்தால் அவள். லேத்துப் பிசிறைப் பெருக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பந்தயத்தின் கனம் புரியும். சுருள் சுருளாக அழகாக இருக்கும். தொட்டால் விரலைக் கிழிக்கும்.

இருந்தது ஒரே ஒரு பித்தளைப் பட்டை. அதை லேத்தில் நகரும் வண்டியில் இறுக்கி, கட்டரை மாட்டிவிட்டு அப்பா சொன்னார்: "சுவிட்ச் என் கையில. கைப்பிடி உன் கையில. மிச்சமெல்லாம் உன் பாடு."

வேலை இதுதான். ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். கைப்பிடியைச் சுற்றி, அதன் கழுத்து வளையத்திலுள்ள கோட்டைப் பார்த்து, வண்டியை ஆறு புள்ளி இரண்டு எட்டு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். மறுபடி ஒரு பள்ளம். இரண்டு பள்ளத்துக்கு நடுவில் மிஞ்சுவது பல். சட்டம் ஒன்றே ஒன்று.

"கோட்டைத் தாண்டிட்டா அப்படியே திரும்பி வராத. பழைய மெஷின்டா, திருகாணியில ப்ளே இருக்கு. பின்னால சுத்தினா கைப்பிடி வரும், வண்டி வராது. அரைச் சுத்து பின்னால போய், திரும்ப முன்னால வந்து நிறுத்து."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

தசரா லீவில் இரண்டு நாள் அந்தக் கொட்டகையை விட்டு நகரவில்லை. கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டவர்களைத் திருப்பி அனுப்பினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது, துணி சுற்றிக்கொண்டேன். அக்கா வாசலில் நின்று, "முப்பத்தெட்டு, அம்பத்தொண்ணு, இருபத்தாறு" என்று வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் கத்தினாள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். காது வலியோ என்று அம்மா எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தாள்.

நாற்பத்தாறாவது பள்ளத்தில் கோட்டைத் தாண்டிவிட்டேன். உடைந்த கேட் கீலோடு பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். அப்பா முகத்தைத் திருப்பி அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அரைச் சுற்று போய் வர வேண்டும். கை எரிந்தது. அக்கா வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை மட்டும் மெல்லப் பின்னால் கொண்டுவந்தேன். கோடு கச்சிதமாகச் சேர்ந்தது. வண்டி இம்மிகூட அசைந்திருக்கவில்லை. வெட்டி முடித்துப் பார்த்தால் ஒரு பல் தடி. அடுத்ததை வெட்டியபோது அதன் பக்கத்துப் பல் ஒல்லி. அண்ணன் தம்பி சோற்றைப் பிடுங்கித் தின்ற மாதிரி இருந்தது.

வேறு பட்டை கிடையாது. எண்ணெயைத் தடவி மறைத்துவிட்டு மேலே வெட்டினேன். எழுபதையும் முடித்த பிறகுதான் எழுந்தேன்.

விஜயதசமி காலையில் அக்கா பூ வாங்கப் போயிருந்த நேரம், அப்பா யானையை ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் போயிற்று. பாதி வழி தாண்டியதும் முன்பக்கம் லேசாக எம்பி, டக்கென்று தலை குனிந்து, நிமிர்ந்து, மறுபடி நடந்தது. நான் கொலுவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்பா யானையைத் தூக்கி வைத்துவிட்டுப் பற்களின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நகம் நின்றது. நேரே சமையலறைக்குப் போனார்.

"அரம் போட்டா அஞ்சு நிமிஷம்" என்று அவர் சொல்வது கேட்டது. "வேண்டாங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக் கீலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு உயிர் வந்தது.

சற்றுக் கழித்து அம்மா கொலுவுக்கு வந்து, மேல் படியிலிருந்து மர ராஜா ராணியை எடுத்தாள். அவை அவளுடைய கல்யாணத்துக்குக் கொடுத்தவை. வேறு யாரும் தொடக்கூடாது. மேல் படியை விட்டு அவை இறங்கியதே இல்லை. அவற்றைக் கீழே ஊர்வலப் பாதை ஓரமாக வைத்தாள். பூக்கூடையோடு வந்த அக்கா விடவில்லை.

"ராஜா ராணி மேலதானம்மா இருக்கணும்?"

"நீ சும்னிரு," என்று அம்மா கன்னடத்தில் அடக்கினாள். "அவ்ளோ உசரத்துல உக்காந்தா ஊர்வலம் எப்படித் தெரியும்?"

சாயங்காலம் தெருவே வந்துவிட்டது. யானை புறப்பட்டது, நடந்தது, ராஜா ராணிக்கு நேர் எதிரே வந்ததும் தலை குனிந்தது, நிமிர்ந்து பன்னிமண்டபம் போய்ச் சேர்ந்தது. "ஆனெ நமஸ்கார மாடுத்தே, நோடி", யானை கும்பிடுகிறது பாருங்கள் என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கன்னத்தில் கை வைத்தார். திரும்ப ஓட்டச் சொன்னார்கள். எப்படி இது என்று கேட்டவரிடம் அப்பா என்னைக் காட்டி, "இவன் வெட்டின பல்லு" என்றார்.

மிச்சத்தை நான் சொன்னேன். "அந்த ஒரு பல்லுக்கு மட்டும் தனிக் கணக்கு ஆன்ட்டி. ரொம்பக் கஷ்டம்." அப்பா மோட்டார் வயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அக்கா ஒரு வருஷம் பிசிறு பெருக்கினாள். ராஜா ராணி அதற்குப் பிறகு மேல் படிக்கு ஏறவே இல்லை. கீழே உட்கார்ந்து பழகிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, நண்பன் வீட்டுக் கொலுவைப் பார்த்துவிட்டு வந்த நாளில் பொறுக்கவில்லை.

"எல்லார் வீட்லயும் ராஜா ராணி மேல் படியிலதான் இருக்காங்க. நம்ம வீட்லதான் ஒரு முறையே இல்ல. உனக்குக் கொலு வைக்கவே தெரியலம்மா."

அம்மா அப்போது பட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அரண்மனையிலிருந்து ஜாணால் அளந்துகொண்டே வந்து, ராணியை ஒரு விரல்கடை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஆமாடா," என்றாள், "உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு ஒரே பெருமை.